சந்தைக்குப் போன வேதியியல் ஆசிரியை

என் சின்ன நாத்தனார் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவள். காய்கறிச் சந்தைக் கழிவை உரமாக்கும் திட்டத்துக்கு நகராட்சி ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும், பள்ளியில் ஓராண்டு விடுப்புப் பெற்றுக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தாள்.

"ஆசிட் நெடி போதாதுன்னு அழுகின தக்காளிக்குப் போறியா?" என்று என் கணவர் தங்கையைச் சீண்டினார்.

"பாடம் நடத்தி நடத்தி அலுத்துப்போச்சு அண்ணா. நடத்தினதைச் செஞ்சு பார்க்க வேணாமா?"

ஆண்டு முடிவதற்குள் திட்டம் வேரூன்றாவிட்டால் நகராட்சி அதைக் கைவிட்டுவிடும். அவளும் கரும்பலகைக்கே திரும்ப வேண்டியதுதான்.

வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில், குப்பையைப் பிரித்துப் போடுவதைப் பற்றி அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார். பழக்கதோஷம் யாரை விட்டது?

"கடைசி பெஞ்ச்! எழுந்து நில்லு. இப்ப நான் என்ன சொன்னேன்?"

எழுந்து நின்றவர் சங்கத் தலைவர், வெங்காயக் கடைக்காரர், பேரன் பேத்தி எடுத்தவர். சந்தையே சிரித்தது. அவர் விருட்டென்று வெளியேறினார். அத்தோடு கூட்டமும் கலைந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனாள்.

"டீச்சரம்மா, உங்க கிளாஸுக்கு நாங்க லீவு. எப்படிப் போட்டாலும் குப்பை மக்கத்தானே போகுது?"

"கலந்து போட்டா மக்காதுங்க, அழுகும். வேணும்னா ரெண்டு டிரம் வைக்கிறேன். ஒண்ணுல காய்கறிக் கழிவும் சருகும் மட்டும். இன்னொண்ணுல நீங்க கொட்டுற மாதிரியே எல்லாம் கலந்து. எங்க வைக்கட்டும்?"

"என் கடைக்கு முன்னாலயே வையுங்க! பார்த்துடலாம்."

கோடைக்காலம் வேறு. சில நாள்களிலேயே கலப்புப் பீப்பாயைச் சுற்றி ஈக்கள் மாநாடு கூட்டின. வெங்காயம் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடைக்கு நடந்தார்கள். மற்றதிலோ மழை நனைத்த மண்ணின் மணம்.

கல்லாவில் அமர்ந்திருந்த தலைவரின் மனைவி பொறுமையிழந்தார். "உங்க வீம்புல வியாபாரமே நாறுது. கடையில ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்!"

தலைவர் நகராட்சி அலுவலகத்துக்கே ஓடிவந்தார்.

"அம்மா, முதல்ல அந்த டிரம்மை எடுங்க."

"சோதனை இன்னும் முடியலையேங்க."

"அதுக்குள்ள என் குடித்தனம் முடிஞ்சிடும்மா! எல்லாரையும் பிரிச்சுப் போடச் சொல்றேன். மாட்டேங்கிறவன் கடைக்கு முன்னால அந்த டிரம்மைக் கொண்டுபோய் வெச்சிடுவேன்."

அதன்பின் சந்தைக்கு வேறு சட்டம் தேவைப்படவில்லை.

விடுப்பு முடியும் தறுவாயில் தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். நானும் அப்போது சந்தையில் இருந்தேன். நாத்தனார் ஒரு கையால் உரக் குவியலைக் கிளறிக்கொண்டே பேசினாள்.

"மன்னிச்சிடுங்க மேடம், என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுங்க. இங்க மீன்கடைக்காரங்க எங்களுக்கும் செஞ்சு குடுங்கன்னு வந்து நிக்கிறாங்க."

பேசி முடித்ததும் என் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, மீன் கழிவை நாறாம எப்படி மக்க வைக்கிறதுன்னு எனக்கே தெரியாது!"

அவள் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அதுவரை கண்டதில்லை.