பாய் ஓதி அளந்த அனல்

வெள்ளிக்கிழமை பகல், கம்பியில் கறி கோத்துக்கொண்டிருந்தேன். நெட்டுக்குப்பத்து மீன்காரர் ஒருவர் கடை வாசலில் நின்று, "காதர் பாய் பூட்டாரு, தெரியுமா?" என்றார். சாவுச் செய்தி கேட்டுக் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். இராயபுரத்தில் அவருடைய கபாபைத் தின்றவர்களுக்கு அவர் கைப்பக்குவத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பார்க்காத ஒரு பகலைச் சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவன். பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து, பக்கத்தில் நின்றவர் கண்ணெதிரே நசுங்கிப்போனார். அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. துறைமுகத்துக்கு எதிர்ச்சந்தில் கறி சுட்டு விற்கும் கடையில் வேலை கேட்டேன். அங்கே கபாப் அடுப்புக்கு ராஜா காதர் பாய். வயதில் என்னைவிடச் சின்னவர், தொழிலில் எனக்குக் குரு.

முதல் நாளே என் கையைப் பிடித்துத் தணலுக்கு மேல் நீட்டினார். "அண்ணாத்தே, உங்க மாதா ஜெபம் ஒண்ணு சொல்லு. முடியறவரிக்கும் கை தாங்கிச்சினா கறிய வையி. பாதியில இஸ்துக்கினா சாம்பலப் போடு. முடிஞ்சும் சொகமா கீதா, கரி அள்ளிப் போடு." நான் மங்கள வார்த்தை ஜெபம் சொல்வேன், அவர் தம் குர்ஆன் சூராவை ஓதுவார். நான் தயங்கித் தயங்கிக் கையை நீட்டுவதைப் பார்த்துச் சிரித்தார். "பயந்துகினே நில்லு. பயம் இல்லாதவன் கைதான் வேவும்."

ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய வருஷம் அது. மறுநாளே ஊர் காலி. பாயின் மனைவி கைக்குழந்தையோடு பழவேற்காட்டுத் தாய்வீட்டுக்குக் கால்வாய்ப் படகேறினார். போய்ச் சேர்ந்த தகவலே இல்லை. வழியில் ஒரு படகு கவிழ்ந்ததாக யாரோ கிளப்பிவிட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்களுக்கு வண்டிச் சத்தமும் பீரங்கியாகவே கேட்டது. ஆனாலும் கடையைத் திறந்துதான் வைத்திருந்தோம். சிப்பாய்கள் சாப்பிட வந்தார்கள்.

அப்படி ஒரு நாள் மத்தியானம் பாய் தணல்மேல் கையை நீட்டினார். உதடு பறந்தது. ஓதி முடித்துக் கரியை அள்ளிப் போட்டார். மறுபடி நீட்டினார், மறுபடி போட்டார். நான் கையை நீட்டிப் பார்த்தேன். ஜெபத்தில் பாதி வருவதற்குள் சுரீரென்றது. மேலே பார்த்தால் கீற்றுக் கூரை காய்ந்து கிடக்கிறது. பொறி அதை எட்டி எட்டித் தொடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் குடிசைகள். பற்றினால் தண்ணீர் இறைக்கத் தெருவில் ஆளில்லை. குருவிடம் குறை சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம். கடைசியில் வாயைத் திறந்தேன்.

"பாய், நீ ஓதறது வேகமா ஓடுது."

முறைத்தார். அடிக்கப்போகிறார் என்று ஓரடி பின்வாங்கினேன். அவர் மறுபடி கையை நீட்டி, நான் கேட்கும்படி நிறுத்தி நிறுத்தி ஓதினார். இரண்டாம் வரியிலேயே கை துள்ளியது. திருப்பிப் பார்த்தார், உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அது எழும்பியதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு பயமா கீது அண்ணாத்தே. அது புள்ளய வச்சிக்கினு எங்க கீதோ, இன்னா ஆச்சோ."

சாம்பலை வாரி வாரிக் கொட்டினேன். அனல் தணிந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் வாயி இன்னிக்கு சரியில்ல. உன் ஜெபத்துல வேவட்டும்" என்றார். நான் உரக்கச் சொன்னேன். அவர் கறியைத் திருப்பினார். சிப்பாய்கள் குறை சொல்லாமல் தின்றுவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்து மனைவியும் பிள்ளையும் வந்து சேர்ந்தபோது, அடுப்பை என்னிடம் விட்டுவிட்டுத் தெருவில் ஓடினார்.

அனல் பார்க்கும் பழக்கம் அவர் தந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் வைத்துக்கொள்வது வேறு. அத்தனை பெரிய தொழில்காரர், தம்மிடம் வேலை கற்க வந்தவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, பயமாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவர் கை நிதானத்துக்கு வந்தது. அதனால் நானும் மறைக்கவில்லை. பாய், நீங்கள் இல்லாத அடுப்பின் முன்னால் நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது.