அப்பா பேர் கொடுக்கப் போன நாள்

அப்பா சடை பின்னினால் என் புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும், அத்தனை இறுக்கம். உச்சியில் தேங்காய் எண்ணெயைச் சளப்பென்று வைத்து, லாரியில் சாமான் கட்டுவதுபோல் அவர் இழுத்துப் பின்னும் ரெட்டைச் சடை சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. வகுப்பில் அதற்கு ‘மிலிட்டரி சடை’ என்றே பேர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கிற வேலை பார்த்த அம்மாவை விடிந்தும் விடியாமல் ‘கம்பெனி வேன்’ வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும் என்பதால், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த அப்பாதான் என்னை எழுப்பி, சோறு கட்டி, பள்ளிக்கூடம் அனுப்புவார். ஆம்பிளை பெண்ணுக்குத் தலைவாருவதா என்று தெரு சிரித்தது. அவர் கண்டுகொள்ளவே இல்லை.

ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்தார். அப்பா இலங்கைக்குப் போன படையில் இருந்து, தொடையில் குண்டுச் சில்லோடு திரும்பியவர். தமிழ் பேசும் தெருக்களில் துப்பாக்கியோடு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. லீவு முடிந்து ஒருவர் கிளம்பினால், அவர் காட்பாடியில் ரயில் ஏறியிருப்பார் என்று தோன்றும்வரை அந்த வீட்டைக் கூட்டக் கூடாது. “ஊருக்குப் போனவன் காலடி ஆர்றதுக்குள்ள தொடப்பத்தைத் தொடாத” என்பார்கள். தொட்டால் போனவர் திரும்பமாட்டாராம்.

கார்கில் சண்டை வந்த கோடையில் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. டீக்கடை டிவி முன்னாலேயே நின்றுவிட்டு வந்து, ஒருநாள் சொன்னார்: “நாளைக்கு வேலூர் போறேன். ஆள் வேணும்னா கூப்புடட்டும்னு பட்டாள ஆபீசுல பேர் குடுத்துட்டு வந்துடறேன்.”

அம்மா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். “இன்னாயா பேச்சு இது? நீ பண்ணது பத்தாதா? இந்தப் பொண்ணு உன்னை அப்பான்னு கூப்பிடவே எத்தினி மாசம் ஆச்சு, தெரியுமா?”

“என்கூட இருந்த பசங்க அங்க மலை மேல நிக்கறாங்க. நான் இங்க சடை போட்டுக்கினு எப்படி உக்கார்றது?”

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று குத்தியது. சடை போடுவது அவ்வளவு மட்டமான வேலையா?

மறுநாள் அம்மா கம்பெனிக்கு லீவு போட்டாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு படியிறங்கினார். நாலு வீடு தாண்டியிருக்கமாட்டார், அம்மா துடைப்பத்தை எடுத்து வாசலைப் பரபரவென்று கூட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடி வந்தாள். “அடிப்பாவி! ஆம்பள தெருமுனைகூடத் தாண்டல. புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

“ஊருக்குப் போறவங்களுக்குத்தான்க்கா அதெல்லாம்!” அம்மா அப்பாவுக்குக் கேட்கவேண்டும் என்றே கத்தினாள். “இவரு எங்கியும் போகல. வேலூருக்குப் போய்ட்டு சாயந்திரம் வர்றாரு. ராத்திரிக்குக் கருவாட்டுக் கொழம்பு!”

தெருமுனையில் அப்பா நின்றார். திரும்பிப் பார்த்தார். அம்மா நிமிரவே இல்லை. அவர் அப்படியே பஸ் ஏறப் போய்விட்டார். அதன் பிறகுதான் அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதாள்.

இருட்டும் நேரத்தில் வந்தவர், மல்லிகைப்பூப் பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டினார். “குடுத்துட்டேன். கூப்ட்டா போவேன். உன்கிட்ட பொய் சொல்ல முடியாது.”

அம்மா பூவை வாங்கிக்கொண்டாள். “கை கழுவு. கொழம்பு ஆறுது” என்றாள்.

பள்ளியில் டீச்சர் இதைக் கேள்விப்பட்டு என்னை எழுப்பி நிறுத்தினார், வகுப்பே கைதட்டியது. எனக்கோ அழுகை முட்டியது. நாடு ஜெயிக்கவேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்ட நேரத்தில், நாட்டுக்கு என் அப்பா தேவைப்படவே கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான். தபால்காரர் சைக்கிள் எங்கள் தெருவுக்குள் திரும்பினாலே ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிடுவேன்.

அழைப்பு வரவில்லை. சண்டை முடிந்தது. தெருவில் வெடி வெடித்தார்கள். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கொஞ்ச நாளில் அம்மாவின் கம்பெனியிலேயே கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். ஒரே வேனில் போனார்கள், ஒரே வேனில் வந்தார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போகிற பையன்கள் குறைவு. போகிறவர்களும் ரயில் ஏறும்போதே வீடியோ காலில் முகம் காட்டிவிடுகிறார்கள். வீடு கூட்டுவதற்கு யாரும் காத்திருப்பதில்லை. அப்பாவும் இல்லை. தூக்கத்திலேயே, தன் கட்டிலிலேயே போனார்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அழுதுகொண்டிருந்த என்னை அம்மா பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

“பட்டாளம் அவரை பதினேழு வருசம் வச்சிக்கிச்சு. நான் இருபது வருசத்துக்கு மேல வச்சிக்கினேன்” என்றாள். “எனக்குத்தான்டி ஜாஸ்தி.”