சுபா பிடித்த மூன்று பந்துகள்

அடையாறு சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தபோது பள்ளித் தோழி செல்வியின் அழைப்பு வந்தது. "சுபா போய்ட்டாடி" என்றாள். "எந்த சுபா?" என்று கேட்டேன். எனக்கு ஒரே ஒரு சுபாவைத்தான் தெரியும். அது செல்விக்கும் தெரியும். அவள் அழுதாள். சுபா காலையில் வீட்டில் மயங்கி விழுந்திருக்கிறாள். மூளையில் ரத்தக் கசிவு. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் எங்களோடு படித்த எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவளை 'பெஞ்ச் சுபா' என்றுதான் நினைவு வைத்திருப்பீர்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்திருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. ஊசி போட்ட மறுநாள் லேசாக நொண்டிக்கொண்டு வருவாள். பி.டி. வகுப்பில் நாம் மைதானத்தில் ஓடும்போது அவள் பாதாம் மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எல்லோருடைய வாட்ச்சும் அவளிடம்தான் இருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகக் கட்டிக்கொள்வாள்.

ஆனால் அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நம் ஒவ்வொருவரின் ஆட்டமும் அவளுக்கு அத்துப்படி. "கலா, நீ பந்தைப் பாக்கறதில்ல, எதிர்ல நிக்கறவ மூஞ்சியப் பாக்கற. அதான் நழுவ விடற" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அடுத்த வாரம் முயன்று பார்த்தேன். ஒரு பந்துகூடக் கீழே விழவில்லை. அந்த வருஷம் நான் த்ரோபால் கேப்டன் ஆனதற்கு அவள்தான் காரணம். இதை அப்போது யாரிடமும் நான் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பிரிவுக்கும் பி பிரிவுக்கும் ஒரு பி.டி. பீரியடில் த்ரோபால் ஆட்டம் வைத்தார்கள். பாதி ஆட்டத்தில் எங்களில் ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது. பி.டி. மிஸ்ஸை அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பியிருந்தார். செல்வி கத்தினாள்: "இன்னாடி இது, ஆறு பேர வெச்சிக்கினு எப்டி ஆடறது? தோத்துட்டோம்னு சொல்லிட்டுப் போலாம் வா."

பெஞ்சிலிருந்து சுபா எழுந்து வந்தாள். "நான் நிக்கறேன் கலா. பின் மூலைல சும்மா நிக்கறேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். அவள் நோயைப் பற்றி அந்த மைதானத்தில் என்னளவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எனக்கு ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது. "சரி, வா" என்றேன்.

எதிரணிக்கு அவள் யாரென்று தெரியும். பந்து அவள் மூலைக்கே வந்தது. "விடு, நான் எடுக்கறேன்" என்று நான் ஓடுவதற்குள் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி எறிந்தாள். இரண்டாவதும் பிடித்தாள். மூன்றாவதைப் பிடித்தபோது நாங்கள் எல்லோரும் கூச்சலிட்டோம். எறிந்துவிட்டு, அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உதடு நீலமாக இருந்தது.

மிஸ் ஓடிவந்து, "யார் இவளை ஆடச் சொன்னது?" என்று கேட்டார். மூச்சு வாங்க, "நானாதான் வந்தேன் மிஸ்" என்றாள் சுபா. நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

பள்ளி அலுவலகத்தில் அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. "உனக்குத் தெரியாதா கொழந்தே? உனக்குத் தெரியுமே" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

வால்வு ஏற்கெனவே ரொம்ப மோசமாகத்தான் இருந்தது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்று டாக்டர்கள் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. இதயத்தைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அவளுக்கு ஒரு வருஷப் படிப்பு போயிற்று. திரும்பி வந்தபோது நாங்கள் பத்தாம் வகுப்பு, அவள் மறுபடியும் ஒன்பது. எங்கள் வகுப்பு மாடியில். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பது தெரியும். புதுப் பிள்ளைகள் யாரும் அவளிடம் வாட்ச் கொடுக்கவில்லை. நான் இறங்கிப் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தே அந்த வருஷம் முடிந்தது. பிறகு வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் செல்வி மூலம் அவள் எண் கிடைத்தது. ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தாள். பெசன்ட் நகர் கடற்கரையில் சந்தித்தோம். அரை மணி நேரம் எதையெதையோ பேசிவிட்டு, இத்தனை வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். "அன்னிக்கு உன்னை ஆட விட்டிருக்கக் கூடாது சுபா."

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். "அதுக்கா இவ்ளோ நாள் அழுதுண்டிருந்த? அது நான் கேட்டு, நீ குடுத்தது. மூணு பந்து பிடிச்சேன்டி. வேற யாரும் என்னை உள்ளயே விடல." கடல் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒரு வருஷம் அந்த பெஞ்ச்ல தனியா ஒக்காந்திருந்தேன். நீ மாடிலேர்ந்து பாக்கறது எனக்குத் தெரியும். ஏன்டி வரல?"

"பயமா இருந்துச்சு" என்றேன்.

"எனக்கும்தான்டி பயமா இருந்தது" என்றாள்.

நான் தவறான குற்றத்துக்காக அத்தனை காலம் அழுதிருக்கிறேன். உண்மையான குற்றத்தை அவள்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு, "சனிக்கிழமை ஆத்துக்கு வா" என்றாள். அன்றிலிருந்து பெரும்பாலான சனிக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போனேன். ஆறு வருஷம். போதாது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: துக்கமோ நோயோ இருக்கும் வீட்டுக்கு, என்ன சொல்வதென்று தெரியாவிட்டாலும் போய்விடுவது. போய், பக்கத்தில் உட்காருவது.

அவள் இறந்த பிறகு, போன சனிக்கிழமையும் போனேன். அவள் அம்மா தனியாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். மாலை ஆறு மணிக்கு அவருடைய செல்போன் அலறியது. உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். தான் மறந்துவிடாமல் அம்மா நினைவுபடுத்துவதற்காக சுபாவே வைத்துக் கொடுத்த அலாரம் அது.

"இதை எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியலை கலா. தெனம் அடிச்சு அடிச்சுத் தானா ஓயறது" என்று போனை நீட்டினார்.

சத்தத்தை நிறுத்தினேன். "நாளைலேர்ந்து அடிக்காம பண்ணிடட்டுமாம்மா?"

அவர் போனைத் திருப்பி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதைக் கையால் மூடினார்.

"வேண்டாம்" என்றார். "அடிக்கட்டும்."