குசினி ஃபேனைப் பற்றிய கேள்வி

"உங்களில பிழை இல்லையக்கா. இதை எங்களுக்கு முந்தி ஒருத்தரும் சொல்லித்தரேல்லை."

இன்று நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

லிங்கநகரில் கேஸ் நிறுவனம் நடத்திய பாதுகாப்பு வகுப்புக்குப் பக்கத்து வீட்டு அக்காவோடு போயிருந்தேன். போன வருடம் குசினியில் பிடித்த தீயில் அவருடைய மகள் இறந்துபோனாள்.

அக்கா எழும்பிக் கேட்டார்: "கேஸ் மணந்தால் ஃபேனைப் போடலாம்தானே, தம்பி?"

பின்னால் ஒருத்தி சிரித்தாள். "ஏன், சிலிண்டருக்கு வேர்க்குதோ?"

வகுப்பெடுத்தவர் பதறிவிட்டார். "கூடவே கூடாது அன்ரி. சுவிச்சில வாற பொறியே போதும், பத்திப்போடும். யன்னலைத்தான் திறக்கோணும்."

அக்கா உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "நான் ஃபேனைப் போடு எண்டெல்லோ பிள்ளைக்குச் சொன்னனான்."

வகுப்பு முடிந்ததும், நல்ல கேள்வி கேட்டவர் என்று அக்காவை முன்னால் கூப்பிட்டுப் புதுக் கேஸ் குழாய் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.