லிஃப்டுக்குள் வாத்தியார்

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியேறியே போகிற மனுஷரை லிஃப்டுக்குள் இழுத்துப் போட்டவள் அவர் பெண்டாட்டிதான். அவருடைய பாராட்டு விழா ஐந்தாவது மாடியில். அவள் முழங்காலோ முதல் படியிலேயே மக்கர் பண்ணியது. "ஒரு நாளாவது எனக்காக ஏறுங்களேன்" என்றாள். ஏறினார். மூன்றாவது மாடியைத் தாண்டியதும் கரண்ட் போய் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. கும்மிருட்டு.

நம்ம ஆள் பார்த்துக்குவார் என்று அவள் நிம்மதியாகத்தான் நின்றாள். பின்னே? தீயணைப்பு நிலையத்தில் குழாய் தூக்கச் சேர்ந்து, எரிகிற வீடுகளிலிருந்தும் பாழுங்கிணறுகளிலிருந்தும் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்தவர். ஒரு பஞ்சுக் கிடங்கில் கூரை விழுந்து தப்பி வந்த பிறகு, பயிற்சிப் பள்ளிக்கு வாத்தியாராகப் போனார். இன்று ஊரிலுள்ள தீயணைப்பு வீரர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்.

அவர் பாடத்தில் ஒன்று அவளுக்கே மனப்பாடம். "மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கடா. இன்னைக்கு வீட்டுல என்ன சமையல்னு கேளுங்க. பதில் யோசிக்கிற நேரம் பயம் மறக்கும்." அவளுக்கு இதில் தீராத கடுப்பு. ஊரில் கண்டவர்களிடமெல்லாம் சமையல் விசாரித்த மகராசன், வீட்டில் ஒரு நாள் கேட்டதில்லை. போட்டதைத் தின்றுவிட்டு எழுந்து போவார்.

இருட்டில் அவர் மூச்சு இரைக்கத் தொடங்கியது. பிறகு கதவை நகத்தால் பிறாண்டும் சத்தம்.

"என்னங்க?"

"கதவ... தொறக்கச் சொல்லு."

கையைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது.

"அந்தக் கிடங்குல அலமாரி சந்துக்குள்ள மாட்டிக்கிட்டேன்" என்று திக்கித் திக்கிச் சொன்னார். "கத்துனேன். ஒரு பய குரல் குடுக்கல. அதுலேர்ந்து இப்படித்தான். அதனாலதான் வாத்தியார் வேலைய கேட்டு வாங்கினேன்."

அட பாவி மனுஷா! குளியலறைக் கதவைத் தாழிடாததற்கு அவரை எத்தனை ஏசியிருப்பாள். படியேறுவது உடம்புக்கு நல்லது என்று அவர் பீற்றிக்கொண்டதை வேறு நம்பித் தொலைத்தாளே. பக்கத்திலேயே படுத்துக் கிடந்தும் தெரியாமல் போச்சே என்று அழுகை முட்டியது.

மேலே இரும்புச் சத்தம். "உள்ள இருக்கிறவங்க பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்!"

குரல் இருவருக்கும் தெரியும். அவருடைய மாணவன், ஒல்லியாக இருப்பதால் அவரே 'ஒட்டடைக்குச்சி' என்று பட்டப்பெயர் வைத்தவன். அவள் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவன். விழாவுக்கு வந்த இடத்தில், யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று ஓடி வந்திருக்கிறான்.

"நான்னு சொல்லிடாத, உன் கால்ல விழுறேன்" என்று அவர் அவள் காதில் கெஞ்சினார். "பசங்க என்னை இப்படிப் பார்த்தா, நான் சொல்லிக் குடுத்ததுக்கெல்லாம் என்ன மரியாதை?"

"யாராவது பேசுங்க! இன்னைக்கு வீட்டுல என்ன சமையல்?"

அவள் வாயைத் திறந்தாள். தன் குரலையும் அவன் கண்டுபிடித்துவிடுவானே என்று மூடிக்கொண்டாள்.

"பதிலே இல்லடா!" மேலே கூட இருந்தவனிடம் சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. "மயங்கிட்டாங்க போல. ஐயோ, என்ன பண்றது?"

அந்த 'ஐயோ'வைக் கேட்டதும் அவள் பிடித்திருந்த கை ஒரு கணம் இறுகியது.

"தெரியலடா ஒட்டடை" என்றார் அவர். "நான் கேக்கவே இல்ல."

"வாத்தியாரே... நீங்களா?"

"நான்தான். பயமா இருக்குடா. பேச்ச நிறுத்தாத."

"நிறுத்த மாட்டேன் வாத்தியாரே." அவன் மூக்கை உறிஞ்சியது உள்ளே கேட்டது. "பக்கத்துல அம்மா இருக்காங்கல்ல? அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க."

இருட்டில் அவர் அவள் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு என்ன சமையல்?"

"விழாவுலயே சாப்பாடுன்னாங்களே" என்றாள் அவள், அழுதுகொண்டே. "நீங்க கேட்ட அன்னைக்குப் பார்த்து நான் ஒண்ணும் சமைக்கலீங்க."