வலது இருக்கை டீச்சர்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாணவர்களுக்கு அவள் டீச்சர். மெக்கானிக்குக்கும் டீச்சர். வாசலில் டீ விற்கிறவர்கூட "டீச்சருக்கு சர்க்கரை கம்மி" என்றுதான் குரல் கொடுப்பார். வீட்டில் புருஷன் மட்டும் "கேப்டனம்மா" என்பார், அதுவும் குழாய் ஒழுகும்போதுதான்.

பள்ளியின் விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் சின்ன விமானம். இடது பக்கம் மாணவன், வலது பக்கம் டீச்சர். இருவர் முன்னாலும் ஆளுக்கொரு ஸ்டியரிங். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். ஓடுபாதையை நெருங்கும்போது மாணவனுக்குக் கை வியர்த்துவிடும், விமானம் ஒரு பக்கம் சரியும். அந்த நேரத்தில் டீச்சர் வாயைத் திறக்க மாட்டாள். அதட்டினால் பயந்துவிடுவான், பயந்தவன் இன்னும் கெடுப்பான். இரண்டு விரலால் ஸ்டியரிங்கின் ஓரத்தைப் பட்டும் படாமலும் பிடித்து நேராக்கிவிடுவாள். சக்கரம் தரையைத் தொட்டதும் "நானே இறக்கிட்டேன் டீச்சர்!" என்று மாணவன் துள்ளுவான். "ஆமாப்பா, நீயேதான்" என்பாள். அவள் இறக்கி, அடுத்தவர் பெயர் வாங்கிய கதை இப்படி ஏராளம்.

அவளும் ஒரு காலத்தில் விமானக் கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தவள்தான். பதில்கூட வரவில்லை. பள்ளியில் வேலை கிடைத்தது, உட்கார்ந்தாள், அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. மாணவர்கள் ஒவ்வொருவராக ஒரு மலிவுக் கட்டண விமானக் கம்பெனியில் சேர்ந்தார்கள். வாட்ஸப்பில் யூனிஃபார்ம் படம் அனுப்பினார்கள். அவளும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

பள்ளியின் ஆண்டு விழாவில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. பழைய மாணவர்களில் நாலைந்து பேரை மேடையேற்றி மாலை போட்டார்கள். பள்ளி முதலாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இவங்களை எல்லாம் உருவாக்கினது நான்" என்று வாய் கூசாமல் சொன்னார். அந்த மனிதருக்கு ஏணிப்படி ஏறினாலே தலை சுற்றும். டீச்சர் கீழே கடைசி வரிசையில் இருந்தாள். போட்டோ எடுக்கும்போது போட்டோகிராபர் அவளைப் பார்த்து, "மேடம், கொஞ்சம் ஒதுங்குங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்றான்.

அவள் ஒதுங்கினாள். ஒதுங்கியது அதுவே கடைசி என்று மனதுக்குள் கருவிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், அதே மலிவுக் கட்டணக் கம்பெனிக்குத் துணை விமானி வேலை கேட்டு விண்ணப்பம் அனுப்பினாள். புது ஆட்களுக்கு நாற்பத்தைந்து வயதுதான் வரம்பு. அவளுக்கு அது நிறைய இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. இந்த முறை தவறினால் மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வயது தாண்டிவிடும். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் வந்துவிட்டார். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

"இந்த வயசுல போய்ச் சின்னப் பசங்களோட வரிசையில நிக்கப்போறியா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும்ணே. பல்லு அவங்களோடது."

"கிடைச்சாலும் உன் ஸ்டூடண்ட்கிட்டதான் கைகட்டி வேலை பாக்கணும். தெரியும்ல?"

"இப்ப மட்டும் யார்கிட்ட கால் மேல கால் போட்டு வேலை பாக்கறேனாம்?"

அண்ணன் புருஷனைத் துணைக்குப் பார்த்தார். புருஷன் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அண்ணன் கிளம்பிப்போன பிறகுதான் தலையை வெளியே எடுத்தார். "போற இடத்துல வாயைத் திறந்து பேசு. வீட்ல பேசுறதுல பாதி பேசினாப் போதும், வேலை உனக்குத்தான்."

தேர்வு நடந்த கட்டடம் ஒரு சரக்குக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. மலிவுக் கட்டணக் கம்பெனி தன் குணத்தை அங்கேயும் விடவில்லை: தேர்வுக்கு வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் மெஷினில் காசு போட வேண்டும். எழுத்துத் தேர்வில் பாதிப் பேர் கழன்றார்கள். மீதிப் பேரை இரண்டிரண்டாகப் பிரித்து சிமுலேட்டருக்கு அனுப்பினார்கள். வெளியே பார்த்தால் கால் முளைத்த பெரிய பெட்டி. உள்ளே அச்சு அசல் விமானத்தின் முன்பகுதி, கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதைகூடத் தெரியும். ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் கவனித்துத் தப்பைச் சொல்ல வேண்டும். பிறகு இருவரும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

டீச்சருக்கு ஜோடியாக வாய்த்தவர் தடிமனான மூக்குக்கண்ணாடி போட்ட, வாய் ஓயாமல் பேசுகிற ஒருவர். பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போட வந்த தேர்வாளரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெட்டையன்! அவளிடம் படித்தவன். சின்ன விமானத்தில் முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடங்கிக் கிடந்தவன். இப்போது தோளில் கேப்டனுக்குரிய நாலு கோடு.

அவள் முதலில் ஓட்டினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து கண்ணாடிக்காரர் ஓட்டினார். பேச்சில் இருந்த வேகம் கையில் இல்லை. ஓடுபாதையை நெருங்கும்போது விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே இறங்கியது. டீச்சரின் இரண்டு விரலும் தாமாகவே போய் ஸ்டியரிங்கைத் தொட்டன. விமானம் சொன்ன பேச்சுக் கேட்டு மேலே வந்தது, பூப்போல இறங்கியது.

"எப்படி?" என்று கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தார்.

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. பயணிகள் விமானத்தில் அது மகா தப்பு. ஸ்டியரிங் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். தப்பைக் கண்டால் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லாவிட்டால் "நான் ஓட்டுறேன்" என்று உரக்க அறிவித்துவிட்டு வாங்க வேண்டும். சொல்லாமல் கை வைப்பவளோடு யார் பறப்பார்கள்? புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்ததெல்லாம் பழக்கத்தின் முன்னால் காற்றோடு போய்விட்டது.

நெட்டையன் அவளைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"டீச்சர், உங்க கை பட்டதை நான் பாக்கல."

"பார்த்த. உன் திரையில காட்டியிருக்கும்."

"காட்டினா என்ன டீச்சர், எழுதற பேனா என்கிட்டதானே இருக்கு? உங்களாலதான் நான் இந்த இடத்துல இருக்கேன்."

"அதுக்கு இது கூலியா?" அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "நாளைக்கு நூத்தியெண்பது பேரைப் பின்னாடி வச்சுக்கிட்டு இதே கை சும்மா இருக்குமா? தப்பு தப்புதான். எழுது. ஆனா ஒரு பயிற்சியை ஒரு தடவை திரும்பச் செய்யலாம்னு உங்க விதியிலயே இருக்கே. அதை ஏன் எனக்குச் சொல்லல?"

நெட்டையன் தலையைச் சொறிந்தான். "திரும்பச் செஞ்சா முதல்ல செஞ்ச தப்பும் பதிவாயிடும். ரெண்டாவதும் சொதப்பினா அவ்வளவுதான், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இப்ப அப்படியே விட்டா நீங்க பாஸ். பிடிவாதம் பிடிக்காதீங்க டீச்சர்."

"பிடிப்பேன். பிச்சையா வர்ற வேலை எனக்கு வேண்டாம். பெட்டியைத் திற."

கண்ணாடிக்காரர் லேசில் சம்மதிக்கவில்லை. "என் லேண்டிங் நல்லாத்தானே இருந்துச்சு? நான் எதுக்குங்க மறுபடி ஓட்டணும்?"

டீச்சர் ஒரு கணம் தயங்கினாள். இத்தனை வருஷத்தில் எந்த மாணவனிடமும் சொல்லாத வார்த்தை அது. தொண்டை வரை வந்து, வழக்கம்போல் உள்ளே போகப் பார்த்தது. அவள் விடவில்லை.

"அதை நீங்க இறக்கலைங்க. நான் இறக்கினேன்."

சொன்னதும் அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. இவ்வளவு சுலபமா இது? இதைச் சொல்லவா இத்தனை காலம் பயந்தோம்?

கண்ணாடிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. ரோஷத்தோடு ஏறி உட்கார்ந்தார். ரோஷத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? முன்னைவிட மோசமாகத்தான் ஆகும். மறுபடியும் அதே இடத்தில் விமானம் கீழே போயிற்று. டீச்சர் இரண்டு கையையும் முழங்காலில் அழுத்தி வைத்திருந்தாள். விரல்கள் அரித்தன.

"கீழ போறோம்."

பதில் இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுபாதையையே முறைத்தார்.

"ரொம்பக் கீழ போறோம். மேல ஏத்துங்க!"

"எனக்குத் தெரியும்" என்றாவது அவர் சொல்லியிருக்கலாம். அதுவும் இல்லை. தரை கிடுகிடுவென்று பெரிதாகிக்கொண்டே வந்தது.

"நான் ஓட்டுறேன்!"

பெட்டியே அதிரும்படி சொன்னாள். வெளியே நின்ற காவலாளிக்குக்கூடக் கேட்டிருக்கும். கண்ணாடிக்காரரின் கை தானாக விலகியது. அவள் இன்ஜினுக்கு முழு வேகம் கொடுத்து மூக்கைத் தூக்கினாள்; ஓடுபாதை கீழே வழுக்கிக்கொண்டு போனது. இந்த முறை விமானம் இறங்கவே இல்லை. பூப்போல இறக்கிய எத்தனையோ தடவைகளில் வராத சந்தோஷம், இறக்காமல் திரும்பிய இந்த ஒரு தடவையில் அவளுக்கு வந்தது.

கண்ணாடிக்காரர் சும்மா போகவில்லை. தன்னைக் கவிழ்க்கவே அந்தம்மா ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டதாகக் கம்பெனியின் தலைமை விமானியிடம் புகார் சொன்னார். அரை மணி நேரத்தில் டீச்சரைக் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்குப் பின்னால் தலைமை விமானி, பக்கத்தில் அலுவலகத்து அம்மாள், ஓரத்தில் நெட்டையன். தலைமை விமானி, கோபத்தை வெடிக்கவிடாமல் முகத்துக்குள் அடக்கிவைத்திருக்கும் ரகம்.

"முதல் தடவை சொல்லாம கை வச்சிருக்கீங்க. ரெண்டாவது தடவை கத்தியிருக்கீங்க."

"ஆமா சார். முதல்ல செஞ்சது தப்பு. ரெண்டாவது செஞ்சது சரி."

"அடுத்தவர் வாய்ப்பு போச்சுன்னு வருத்தம் இல்லையா?"

"இருக்கு சார். ஆனா அவருக்காக வாயை மூடிக்கிட்டு அவரோட சேர்ந்து தரையில முட்ட முடியாது."

அலுவலகத்து அம்மாள் சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினாள். தலைமை விமானி சிரிக்கவில்லை.

"எங்க கேப்டன்கள்ல பாதிப் பேர் உங்க ஸ்டூடண்ட்ஸ்ம்மா. இங்க சேர்ந்தா அவங்கதான் உங்களுக்கு மேல. சொன்னதைக் கேப்பீங்களா, இல்ல அங்கயும் கிளாஸ் எடுப்பீங்களா?"

"கேப்பேன் சார். கிளாஸ் எடுக்க இனிமே எனக்கும் தெம்பில்ல."

"சரி. இவரையே எடுத்துக்குவோம்." நெட்டையனைக் கை காட்டினார். "வர்ற மாசம் ஒரு விமானத்துல இவர் கேப்டன், நீங்க பக்கத்துல. இவர் தப்பா இறக்குறார். என்ன பண்ணுவீங்க?"

நெட்டையன் நாற்காலியில் நெளிந்தான். டீச்சர் அவனை நேராகப் பார்த்தாள்.

"ரெண்டு தடவை சொல்லுவேன் சார். மூணாவது தடவை சொல்ல மாட்டேன்."

தலைமை விமானி நெட்டையனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா, இவங்களோட பறப்பியா?"

"இவங்க பக்கத்துல இருந்தா," என்றான் நெட்டையன், "என் பெண்டாட்டி பிள்ளையையும் அதே விமானத்துல ஏத்துவேன் சார்."

தலைமை விமானி டீச்சரின் நியமனக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.