சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை

பேய், ஆவி என்று யாராவது கதையை ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். பொலிஸில் இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், தூக்கில் தொங்கியவர்களை இறக்கியிருக்கிறேன், ரயிலில் அடிபட்டவர்களை அள்ளியிருக்கிறேன், பிணத்துக்குக் காவல் இருந்துகொண்டே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் வந்து என் தோளைத் தட்டியதில்லை. அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. இருட்டில் நடந்த கதை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பட்டப்பகல், பொலிஸ் நிலையம், வெளியே கண்டி பஸ்காரன் ஆள் கூப்பிடுகிற சத்தம், உள்ளே வாங்கு நிறைய ஜனம்.

எங்களுடையது கண்டிக்குப் பக்கத்தில் மலையோரமாக ஒரு சின்ன நகரம், பெயர் வேண்டாம், நான் இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலை மாதக் கணக்கில் ஓடும். பௌர்ணமிப் போயா வந்தால் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் பிடிக்கப் போவோம், மாதக் கடைசியில் பெரிய அதிகாரிகள் முன்னால் கூட்டம், நடுவில் தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்ட பிறகு வருகிற சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைதான் எனக்கு முக்கியம். சம்பளம் கைக்கு வந்ததும் குடிப்பார்கள், குடித்ததும் சண்டை, சண்டையில் யாருடைய அடையாள அட்டையாவது தொலையும், யாருடைய தோடாவது அடகுக் கடைக்குப் போகும், எல்லாம் முறைப்பாடாக எங்கள் வாசலுக்கு வந்து சேரும். எல்லோரும் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மேசைக்கு முன்னால் இருக்கிற ஆள் எழுந்து போன பிறகுதான் அடுத்தவர் வருவார், அதுவரை கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

தமிழில் முறைப்பாடு எழுதுகிற அந்தத் தமிழ் மேசை பல வருடமாக என்னுடையது மட்டும்தான். நான் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவன், அந்த ஜனத்தின் பாஷை என் பாஷை, பாதிப் பேருக்கு என் அம்மாவைத் தெரியும். "செல்வராஜ் சார் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். அது ஒரு ராஜ மரியாதை, மறைப்பானேன். அப்படி இருந்த இடத்தில்தான் துஷ்யந்தனைக் கொண்டுவந்து இன்னொரு மேசையில் உட்காரவைத்தார்கள்.

யாழ்ப்பாணத்துப் பையன், என்னைவிடப் பத்து வயதாவது இளையவன், ஒல்லி, அமைதி, கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். "ஓம் அம்மா, சொல்லுங்கோ" என்பான். எங்கள் ஆட்களுக்கு அவன் பேசுவது பாதிதான் புரியும், அப்படியும் அவன் மேசைக்குத்தான் போனார்கள். என் சொந்த ஜனம், என்னைத் தாண்டி! எனக்கு வந்தது பொறாமைதான், வேறு நல்ல சொல்லெல்லாம் நான் தேடப்போவதில்லை. அவன் டிபன் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசம்கூட எனக்குப் பிடிக்காமல் போனது.

அந்த வருடம் சார்ஜன்ட் பதவிக்கு ஒரே ஒரு பெயரைத்தான் எங்கள் பொறுப்பதிகாரி எழுதி அனுப்புவதாக இருந்தது. என்னோடு பயிற்சிக்குப் போனவர்கள் எல்லாம் தோளில் பட்டியோடு திரிகிறார்கள், நான் மட்டும் அதே கான்ஸ்டபிள். என் மனைவி சாந்தி சோறு போடும்போதெல்லாம் அதையே கேட்பாள்.

"அடுத்த தீபாவளிக்காவது என்னைய சார்ஜன்ட் பொண்டாட்டின்னு சொல்லுவாங்களா, இல்ல இப்படியே பென்ஷன் வாங்கிருவீங்களா?"

துஷ்யந்தன் வந்த கொஞ்ச நாளில் தோட்டத்துக் கோயிலில் குத்துவிளக்குக் களவு போனது. நான் ஊரெல்லாம் அலைந்தேன், பிலிமத்தலாவையில் பித்தளைக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். அந்த மாதச் சனிக்கிழமை மத்தியானம் துஷ்யந்தன் எழுந்துபோய்ப் பொறுப்பதிகாரியிடம் ஏதோ சொன்னான், ஜீப் போனது, ரோட்டு மதகுக்கு அடியில் இருந்து விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார்கள். மறு மாதம் களவுபோன ஒரு மோட்டார் சைக்கிள், மானாப்புல்லுக்குள் மூடிவைத்திருந்ததை நேராகப் போய்த் தூக்கினான். மாதக் கூட்டத்தில் பெரிய அதிகாரி அவனை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார். நானும் தட்டினேன், தட்டாமல் என்ன செய்வது.

யார் தகவல் தருவது என்று கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை.

"அந்தச் சிவப்பு சுவெட்டர் போட்ட அம்மாதான் அண்ணை. சனிக்கிழமையில வாறவ."

நான் ஒரு சிவப்பு சுவெட்டரையும் பார்த்ததில்லை. வாசல் காவலில் நிற்கும் பண்டாரவிடம் கேட்டேன், உள்ளே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத்தான் விடுவான், அப்படி ஒருத்தி வந்ததே இல்லை என்றான். அப்போது எனக்கு ஆவி என்ற நினைப்பே வரவில்லை, நம்புங்கள். பொலிஸ்காரன் தன் ஒற்றனைக் கூட இருக்கிறவனுக்குக் காட்டமாட்டான், அது உலகத்துக்கே தெரிந்தது. பயல் கெட்டிக்காரன், ஆளை வேறு எங்கேயோ சந்தித்துவிட்டு எனக்குச் சுவெட்டர் கதை விடுகிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் தகப்பன் காணாமல் போனார். வயதாகி நினைவு தப்பிய மனிதர், மழையில் வீட்டைவிட்டு இறங்கியவர் திரும்பவில்லை. இதை யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் பெயர்தான் போகும் என்று பொறுப்பதிகாரி வாய்விட்டே சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலையில் நான் ஒரு வேலை செய்தேன். முதுகில் காற்றடித்துப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி ஜன்னல் ஓரத்து என் மேசையை அவனுக்குத் தள்ளிவிட்டு, அவன் மேசையில் நான் உட்கார்ந்தேன். அவனுடைய ஒற்றன் வழக்கமான இடத்துக்கு வந்தால் என் கையில்தான் விழவேண்டும், அதுதான் கணக்கு. காலையில் இருந்து கழுத்து வலிக்க வாங்கையே பார்த்தேன். பச்சை, நீலம், கம்பளிப் போர்வை, எல்லாம் வந்தது, சிவப்பு மட்டும் வரவில்லை. என் மேசைக்கு முன்னால் கதிரை அநேகமாகக் காலியாகவே இருந்தது. வந்தவர்களும் நான் கூப்பிடக் கூப்பிட அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் துஷ்யந்தன் எழுந்தான்.

"அண்ணை, அந்த அம்மா வந்திட்டுப் போனவ. தாத்தா உயிரோடதான் இருக்கிறாராம். கடுகண்ணாவைப் பக்கம் பழைய கொழுந்து மடுவம் ஒண்டு இருக்காம், அதுக்குள்ள."

இரண்டு எட்டு தூரத்தில் இருந்த என் கண்ணில் படாமல் யார் வந்தது? ஜீப்பில் நானும் ஏறினேன், பொய்யாகப் போகவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே போனேன். ஒரு கிழவர் பிழைப்பதைவிட இவன் தோற்பது எனக்குப் பெரிதாக இருந்தது அன்றைக்கு. மடுவம் என்பது தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகை, இடிந்துகிடந்த அதன் மூலையில், சாக்கைப் போர்த்திக்கொண்டு கிழவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் டீ கேட்டார்.

திரும்பி வந்ததும் துஷ்யந்தனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பயந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன்.

"நான் இந்த மண்ணுல பொறந்தவன்டா! அந்தம்மா யாரா இருந்தாலும் நம்ம சனம்தானே. என்கிட்ட வராம உன்கிட்ட என்னத்துக்கு வருது? என்னா சொக்குப்பொடி போட்ட?"

அவன் பிளேன்டீயைக் கீழே வைத்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான் என்று தெரிந்தது.

"கோவிக்காதேங்கோ அண்ணை. இதைச் சொல்லாமல் விடுவம் எண்டுதான் இருந்தனான். நானும் அவவிட்டை அதைத்தான் கேட்டனான். அவ முதல் உங்களிட்டைத்தான் வந்தவவாம். உங்கட மேசைக்கு முன்னால ஒராள் நிக்கிறாராம். அவர் முடிச்சுக்கொண்டு போகட்டும் எண்டு வாங்கில இருந்து பாத்தவவாம், அவர் போறதாக் காணேல்லையாம். அதுதான் என்னட்டை வந்தவ."

"எந்த மாசம்? எவன் அவன்?"

"எல்லா மாசமும் நிக்கிறாராம்."

"இன்னைக்கு நம்ம மேசைய மாத்திக்கிட்டோமே?"

"ஓம் அண்ணை. அவரும் உங்களோட மாறி வந்து நிண்டவராம்." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா நனைஞ்ச ஆளாம். ஒண்டும் கதைக்கிறேல்லையாம். சும்மா உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறாராம்."

நான் சிரித்தேன். பதவியைப் பிடுங்கியது போதாதென்று என் மேசைக்கு முன்னாலும் ஒரு ஆளை நிறுத்திவிட்டாயா என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் யோசனை ஓடியது. மகாவலி ஆற்றில் இருந்து நான் தூக்கிய உடல்கள் உண்டு, ஒவ்வொன்றையும் முறைப்படி வீட்டாரிடம் ஒப்படைத்திருக்கிறேன், யார் சாவிலும் என் கை இல்லை. எவ்வளவு குடைந்தும் நனைந்த ஆள் ஒருவரும் எனக்குப் பிடிபடவில்லை.

துஷ்யந்தன் பெயர்தான் போனது. சார்ஜன்ட் ஆகி மட்டக்களப்புப் பக்கம் மாற்றலாகிப் போனான். பிரியாவிடையில் கேக் வெட்டி முதல் துண்டை எனக்குத்தான் ஊட்டினான், அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு தமிழ் மேசை மறுபடி எனக்கு மட்டுமாக ஆனது. சிவப்பு சுவெட்டர் வருமா என்று மாதா மாதம் பார்த்தேன், வரவில்லை. அவனுக்கு என்றால் காணாமல் போனதையெல்லாம் காட்டிக்கொடுக்கிற ஒன்று, எனக்கு என்று வாய்த்தது வாய் திறக்காத ஒன்று. அதையும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதிலும் ஓரவஞ்சனை!

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அதே சனிக்கிழமை, பின்னேரம், வாங்கு காலியாகிவிட்டது, ஒரே ஒரு பெண் மட்டும் மிச்சம். தெல்தெனியப் பக்கம் இருந்து இங்கே கட்டிக்கொடுத்து வந்த பெண், எங்களில் யாரையும் தெரியாது, இந்தக் கதையும் தெரியாது. அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்று வந்திருந்தாள். "வாங்கம்மா" என்றேன். பாதி எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும் சார். அவரு பேசி முடிக்கட்டும்."

எனக்கு முன்னால் கதிரை காலி. "யாரு?" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போல.

"இந்தா, உங்க முன்னாடி நின்னு பேசிக்கிட்டேதானே இருக்காரு."

பேசிக்கொண்டிருக்கிறார். எனக்கு மின்விசிறிச் சத்தமும் வெளியே பஸ் சத்தமும்தான் கேட்டது. ஏன் என்று தெரியவில்லை, நான் பேனாவைக் கையில் எடுத்தேன், அந்தக் காலியிடத்தைப் பார்த்து "சொல்லுங்க" என்றேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, அந்தப் பெண்தான் தாங்கமாட்டாமல் கேட்டாள்.

"பாவம், இவ்வளவு நேரமா அழுது அழுது சொல்றாரு, நீங்க ஒரு வரிகூட எழுதலியே சார்?"

"என்னம்மா சொல்றாரு?" கதிரையை நகர்த்தி அவள் பக்கம் திரும்பினேன். "உனக்குக் கேக்குதுதானே? என்னா சொல்றாரு?"

அவள் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அடுத்தவங்க மொறப்பாட்ட நான் எப்படி சார் காதுல வாங்குறது? அது உங்களுக்குச் சொல்றது."

கொஞ்சம் பொறுத்து அவளே வந்து கதிரையில் உட்கார்ந்தாள், நானும் அவளுடைய அட்டைக்கு முறைப்பாடு எழுதிக்கொடுத்தேன். அந்த ஆள் என்ன சொன்னாரோ, யாரைப் பற்றிச் சொன்னாரோ, போய்விட்டாரா இன்னும் நிற்கிறாரா, எனக்குத் தெரியாது. நான் மாதா மாதம் அந்த மேசையில்தான் உட்காருகிறேன். துஷ்யந்தன் அங்கே இருந்திருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும், அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.